ஏழாம் அத்தியாயம்: பெருவழியோரத் தாவளம்

மேசைப் போர் விளையாட்டுக்கென்று நிலக்காட்சிகள் செய்யப் புகுந்தவர், ஏரியும் கரையும் குன்றும் வயலும் ஒருவாறு கைவந்த பிறகு, அடுத்தபடியாக ஆசைப்படுவது பிரயாணிகள் தங்கும் விடுதி ஒன்றையே ஆகும். ஏனெனில், கோட்டையைப்போல் அது ஒரு தரப்பாருக்கே உரியதாக இராமல், வணிகனும் வீரனும் ஒற்றனும் யாத்திரிகனும் ஒரே இரவில் ஒதுங்கும் பொது இடமாக இருப்பதால், எந்தக் கதைக்கும் எந்தப் பூசலுக்கும் இடந்தர வல்லது. விலைக்குக் கிடைக்கும் விடுதி மாதிரிகளோ பெரும்பாலும் இங்கிலாந்தையும் ஜெர்மனியையும் பார்த்துச் செய்தவை. மரச்சட்டங்களுக்கிடையே சுண்ணாம்பு பூசிய சுவர், பனி வழுக்கி விழும்படி செங்குத்தாகச் சரிந்த கூரை, கூடத்தில் கணப்படுப்பு, அதற்கொரு புகைபோக்கி என்று அவை அமைந்திருக்கும். அவை அழகியவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், பாரூர்ப் பெரிய ஏரியையும் அதைச் சூழ்ந்த பாறைக் குன்றுகளையும் முன் அத்தியாயங்களில் கூறியபடி மேசைமேல் அமைத்துவிட்டு, அவற்றின் நடுவே பனிநாட்டு விடுதியை நிறுத்துவது பொருந்தாது. இந்நிலத்துக்கு உரிய விடுதி ஒன்று உண்டு. அதைக் கட்டும் முறையையே இங்கே விவரிக்கிறேன்.

கட்டப்போகும் கட்டடத்தின் காலத்தை முதலில் வரையறுத்துக்கொள்வது அவசியம். தருமபுரிப் பகுதியில் கண்டெடுக்கப்பட்ட 13ஆம் நூற்றாண்டு வழிக்கற்கள் ‘அதியமான் பெருவழி’ என்னும் நெடுஞ்சாலையைப் பெயர் சொல்லிக் குறித்து, நாவல் தாவளம் என்ற இடத்துக்கு இன்னும் எத்தனை காதம் போகவேண்டும் என்பதைத் தெரிவிக்கின்றன. அவற்றுள் ஒன்று, 29 காதம் என்று எழுத்தால் கூறுவதோடு அமையாமல், எழுத்தறியாத வழிப்போக்கனும் கண்டுகொள்ளும்படி அத்தொகையைக் குழிகளாகவும் வெட்டிக் காட்டுகிறது. தாவளம் என்பது வணிகச் சாத்துகள் பொதியை இறக்கி, எருதுகளை அவிழ்த்து, இரவைக் கழித்துச் செல்லும் இடம். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் முதலிய வணிகக் குழுவினர் தங்கள் சரக்கோடு எறிவீரர் எனப்பட்ட காவற்படையையும் உடன் வைத்திருந்தனர் என்பதைக் கல்வெட்டுகளால் அறிகிறோம். ஆகவே, உப்பும் மிளகும் துணியும் சுமந்த எருதுகள், அவற்றைச் சூழ்ந்து வேலேந்திய காவலர், அவர்களை ஏற்றுக்கொள்ளும் ஒரு தாவளம் என்று காட்சியை மனத்தில் வரித்துக்கொண்டால், போர் விளையாட்டுக்கு வேண்டிய யாவும் அதிலேயே அடங்கியிருக்கக் காண்போம்.

அரசியல் சூழலும் குறைவற்றது. போசள மன்னன் சோமேசுவரனின் நாடு 1254-இல் அவன் மைந்தர் இருவரிடையே பங்குபட்டது. மூன்றாம் நரசிம்மன் துவாரசமுத்திரத்திலிருந்து கன்னடப் பகுதியையும், இராமநாதன் கண்ணனூரிலிருந்து தமிழ்ப் பகுதியையும் ஆண்டனர். பின்னர்ப் பாண்டியர் கை ஓங்கவே, இராமநாதன் வடக்கே விலகிவந்து குந்தாணியைத் தலைநகராகக் கொண்டான். அந்தக் குந்தாணி இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூர்ப் பகுதியில் உள்ளது. தமையனும் தம்பியுமாக ஆண்ட இரு நாடுகளின் எல்லை நம் வாசல் வழியே ஓடிற்று என்றால், எல்லையோரத் தாவளம் ஒன்றில் நிகழக்கூடிய பூசல்களுக்கு அயல்நாட்டுக் கற்பனையை இரவல் வாங்க வேண்டுவதில்லை.

இத்துறையில் புதிதாக இறங்குவோர் பலர் அம்புவிடும் துளைகளையும் காவற்கோபுரத்தையும் முதலில் வரைந்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் அடுப்பையும் படுக்கையையும் ஒட்டிவைக்கிறார்கள். அதனால் விடுதி சிறு கோட்டையாகத் திரிந்துவிடுகிறது. நான் வற்புறுத்தும் முறை இதற்கு நேர்மாறானது. களைத்துவந்த மனிதனும் மாடும் ஓர் இரவு தங்குவதற்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு கட்டத் தொடங்க வேண்டும். திருடனுக்கு அஞ்சி வெளிச்சுவரில் சன்னல் இல்லாமல் விடுவதும், உள்ளே வருவோரை எண்ணிப் பார்ப்பதற்காக வாயில் ஒன்றே வைப்பதும், நீர் கைக்கெட்டும்படி முற்றத்தில் கிணறு தோண்டுவதும், கோடையிரவில் காற்று வாங்கத் தட்டைக் கூரை போடுவதும் எல்லாம் தங்குவோரின் சௌகரியத்துக்காக ஏற்பட்டவையே. அவையே போர் மூண்டவுடன் காவலுக்கும் உரிய அரண்களாகின்றன. லண்டனில் சதர்க் பகுதியில் 1677-இல் மீண்டும் கட்டப்பட்டு இன்றும் நிற்கும் ஜார்ஜ் விடுதியும், பாரசீகப் பாலைவழிகளின் சராய்களும் முற்றத்தைச் சுற்றி எழுந்தது இதே காரணங்களால்தான் என்பதை எண்ணிப் பார்க்கும்போது, இம்முறை எங்கும் செல்லும் என்ற நம்பிக்கை உண்டாகிறது.

இனி அளவுக்கு வருவோம். 28 மி.மீ. உருவங்களைக் கொண்டு ஆடுவோர்க்கு 56-இல் ஒரு பங்கு என்னும் பிரமாணம் ஏற்றது; அதன்படி மெய்யான ஓர் அடி நமக்கு ஏறக்குறைய ஐந்தரை மில்லிமீட்டர் ஆகும். ஆனால் இந்தக் கணக்கை எல்லா இடத்திலும் அப்படியே பின்பற்றினால் விளையாட முடியாமற்போகும். உருவம் நிற்கும் வட்டத் தட்டின் குறுக்களவு 25 மி.மீ. ஆதலின், அதைவிடக் குறுகிய கதவும் திண்ணையும் பார்வைக்கு எவ்வளவு மெய்யாயினும் பயனற்றவை. ஐந்தரை அடிக் கதவு கணக்குப்படி 30 மி.மீ. உயரமே வேண்டும், தட்டின் கனத்தையும் உருவத்தின் தலைப்பாகையையும் எண்ணி 38 மி.மீ. உயரமும் 32 மி.மீ. அகலமும் கொடுத்துவிடுங்கள். திண்ணைக்கு 35 மி.மீ. ஆழம் வேண்டும். கதவு நீங்கலாக, மற்றவற்றின் உயரத்தில் கணக்கைத் தளர்த்தாதீர்கள்: சுவர் 50 மி.மீ., தூண் 44 மி.மீ. என்று நிறுத்திக்கொண்டால், அகலத்தில் கூட்டியதைக் கண் மன்னித்துவிடும்.

அடிப்பலகை 45 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் உள்ளதாக, 6 மி.மீ. கனமான எம்.டி.எஃப். பலகையில் இருக்கட்டும். நான்கடிக்கு நான்கடியான மேசையில் இது எட்டில் ஒரு பங்கை அடைக்கும். இதற்குமேல் பெரிதானால் படைகள் நடமாட இடமிராது. பலகையின் இருபுறமும் விளிம்பிலும் முதலிலேயே வண்ணம் பூசி உலரவிட வேண்டும். ஒருபுறம் மாத்திரம் ஈரப்பட்டால், மழைக்காலத்தில் பலகை வளைந்து சுவர்களை வாய்பிளக்கச் செய்துவிடும்.

பலகையின் இடப்பக்கமாக 26 செ.மீ. அகலமும் 24 செ.மீ. ஆழமும் கொண்ட தொட்டிக்கட்டு அமைப்பை வரைந்துகொள்ளுங்கள். முன்னே நெடுகத் திண்ணை. அதன் பின் நடுவில் நடை, அதன் இருபுறமும் அறைகள். இடமும் வலமும் பிரயாணிகள் படுக்கும் நீண்ட கூடங்கள். பின்புறம் அடுக்களையும் தானியம் வைக்கும் அறையும். சுவரின் கனம் 8 மி.மீ. இருக்க வேண்டும், மண்ணைக் குழைத்துக் கல்லடுக்கிய சுவர் ஒன்றரை அடி கனத்துக்குக் குறையாது. இவை போக நடுவில் எஞ்சும் இடத்தில் இருபுறமும் 3 செ.மீ. தாழ்வாரம் விட்டால், 8 செ.மீ.க்கு 9 செ.மீ. அளவில் வானம் பார்த்த முற்றம் கிடைக்கும். கட்டடத்தின் வலப்பக்கத்தில் மிஞ்சும் நிலம் மாட்டுப்பட்டி. வண்டி நுழையும் வாயிலை அந்தப் பட்டியின் வேலியில்தான் வைக்கவேண்டும், அகலம் 60 மி.மீ.; மனிதர் நுழையும் வாசல்வழியே எருதுகளை ஓட்டிச்செல்வதாகக் காட்டுவது வழக்கத்துக்கு மாறானது.

சாமான்களைத் தேடி வெளியூர் அலைய வேண்டியதில்லை. ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளுக்கு இயந்திரங்களைப் பொதிந்துவரும் பொருள்கள் பழைய சாமான் கடைகளில் நிறுத்து விற்கப்படுகின்றன. அவற்றுள் மூன்று வகை நுரைப்பலகைகளைப் பிரித்தறிய வேண்டும். உதிர்த்தால் வெள்ளை மணிமணியாகக் கொட்டும் தெர்மாகோல் குன்றின் உட்பகுதிக்கு ஆகுமே தவிர, கல்வேலைக்கு ஆகாது. வளைத்தால் துவண்டு நிமிரும் வெள்ளை நுரைத்தகட்டை அறவே விலக்குங்கள். பசையும் ஒட்டாது, வண்ணமும் நிலைக்காமல் உரிந்துவிடும். நீலமாகவோ இளஞ்சிவப்பாகவோ சாம்பலாகவோ இருந்து, நகத்தால் அழுத்தினால் சுவடு நிற்கும்படி நெருங்கிய நயமுடைய எக்ஸ்.பி.எஸ். பலகைதான் நமக்கு வேண்டியது. மெல்லிய கற்பலகைகளுக்கு ஃப்ளெக்ஸ் அச்சிடும் கடைகளில் கழித்துப்போடும் சன்போர்டுத் துண்டுகள் போதும். பெட்டிகளைப் பிரித்தெடுத்த பைன் மரச்சட்டம் தூணுக்கு உதவும். ஒட்டுவதற்கு வெள்ளைப் ஃபெவிகால் ஒன்றே உத்தமம். ஃபெவிக்விக்கும், செருப்புக்கு ஒட்டும் மஞ்சள் பசையும் நுரைப்பலகையை அரித்துக் குழியாக்கிவிடும். குப்பியிலிருந்து பீச்சும் வண்ணமும் அப்படியே. சூட்டுக்கம்பியால் வெட்டுவோர் திறந்த வெளியில் அமர்ந்து வெட்டுக. அந்தப் புகை நுரையீரலுக்குத் தீங்கு.

இப்பொழுது கல்லைப் பற்றி விரிவாகக் கூற வேண்டும். இப்பிரதேசத்தின் அடையாளமே கருங்கல். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர்வரை சாலையோரத்தில் நிற்கும் வேலிகளை ஒருமுறை கவனித்தவர்க்கு இது விளங்கும். முள்ளாலும் மண்ணாலும் அன்றி, ஆளுயரக் கற்பலகைகளைச் செங்குத்தாக நட்டு வரிசையாக்கிய வேலிகள் அவை. நம் மாட்டுப்பட்டிக்கு அதையே செய்வோம். சன்போர்டிலோ 3 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். தகட்டிலோ 9 மி.மீ. அகலமும் 32 மி.மீ. உயரமும் உள்ள துண்டுகளை வெட்டி, மேல்முனையை நேராக்காமல் கையாலேயே கிள்ளி ஒழுங்கின்றி விட்டு, அடிப்பலகையில் கீறிய பள்ளத்தில் 5 மி.மீ. இறங்கும்படி நடவேண்டும். இரண்டொன்று சாய்ந்திருக்கலாம். எல்லாம் ஒரே உயரமாக நிற்குமானால் அது இயந்திரத்தில் அறுத்த கல்லாகிவிடும்.

இந்தக் கற்பலகைகளை அருகில் சென்று பார்த்தால், விளிம்பு நெடுகிலும் சம இடைவெளியில் அரைவட்டமான சிறு பள்ளங்கள் வரிசையாக இருப்பதைக் காணலாம். கல்லுடைப்போர் பாறையில் கோடு பிடித்து, அக்கோட்டின்மேல் உளியால் குழிகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் இரும்பு ஆப்பை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சம்மட்டியால் மாறிமாறித் தட்டிக்கொண்டே போவார்கள். ஒரு கட்டத்தில் தட்டும் ஓசை மாறும், பாறை அந்தக் கோட்டிலேயே இரண்டாகப் பிளக்கும். குழிகளும் இரண்டாகப் பிளந்து, பாதி இந்தப் பலகையிலும் பாதி அந்தப் பலகையிலும் தங்கிவிடுகின்றன. ஆகவே, பட்டிவேலியின் ஒவ்வொரு கல்லிலும் ஒரு பக்க விளிம்பில், குண்டூசியைப் படுக்கைவாட்டில் வைத்து 2 மி.மீ.க்கு ஒன்றாக அழுத்திக்கொண்டு போனால், அந்தக் கல்லைப் பிளந்த கைகளின் சுவடு அதில் ஏறிவிடும். எதிரே அமர்ந்து ஆடுபவர் இதைக் கவனிக்காமலே போகலாம். கல்லுடைக்கும் குடும்பத்தில் பிறந்த ஒருவர் பார்த்தால் உடனே கண்டுகொள்வார், அது போதும்.

சுவர்களுக்கு எக்ஸ்.பி.எஸ். பலகையை 8 மி.மீ. கனத்தில் அறுத்து, பென்சில் முனையால் கல்வரிகளைக் கீறுங்கள். செங்கல்லைப்போல் வரிசை பிடிக்க வேண்டாம். பெரிய கல் ஒன்றை வைத்து, அதன் இடுக்கில் சிறு சில்லுகளை அடைத்து, மறுபடி பெரிய கல் வைப்பது இந்நாட்டுக் கொத்து. வரைந்து முடித்தபின், அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கிச் சுவரின்மேல் அழுத்தி உருட்டினால் கல்லின் சொரசொரப்பு உண்டாகும். முன் திண்ணைப் பக்கம் மாத்திரம் சுவருக்கு மண்பூச்சு இருந்தது என்று காட்டலாம். ஃபெவிகாலில் குழைத்த சுவர்ப் பட்டியை விரலாலேயே மெல்லத் தடவி, அங்கங்கே உதிர்ந்து கல் தெரியும்படி விட்டால் நன்றாயிருக்கும்.

தூண்களுக்கு 6 மி.மீ. சதுரச் சட்டத்தை 44 மி.மீ. நீளத்தில் நறுக்கி, மூன்றாகப் பங்கிட்டு, நடுப்பங்கின் நான்கு முனைகளையும் அரத்தால் தேய்த்து எட்டுப்பட்டையாக்குங்கள். கீழும் மேலும் சதுரமாகவே இருக்கட்டும். சதுரம், எண்கோணம், சதுரம் என்னும் இந்த முறை தமிழ்நாட்டு மண்டபங்களில் நெடுகக் காணப்படுவது. காவேரிப்பட்டினத்துக்கு அருகே பெண்ணேஸ்வரமடத்துக் கோயிலுக்குச் சென்று பழைய கல்வேலையைக் கண்ணால் அளந்துவருவது, எத்தனையோ படங்களைப் பார்ப்பதைக்காட்டிலும் மேலான பயிற்சி. தூணின் தலையில் போதிகைக்காக 14 மி.மீ. நீளத் துண்டு ஒன்றைக் குறுக்கே ஒட்டி, இருமுனையையும் கீழ்ப்புறம் சரித்துவிட்டால், அதன்மேல் உத்தரம் அமரும். இந்தப் போதிகையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தூணின் தலையில் உத்தரம் நேரே நின்றால் அது நகரத்துச் சிமெண்டுத் தாழ்வாரமாகத் தோன்றுமே ஒழிய, பழைய கட்டடமாகத் தோன்றாது.

கூரை இருவகை. முன்பகுதிக்கும் திண்ணைக்கும் சேர்த்துக் கற்பலகை பாவிய தட்டைக் கூரை. ஏனைய மூன்று பக்கங்களுக்கும் இருபுறம் சரிந்த ஓட்டுக்கூரை. தட்டைக் கூரை ஏறத்தாழ 9 செ.மீ. ஆழம் வருமாதலால், வில்லாளர்கள் அதில் தாராளமாக நிற்கலாம். சுற்றி 12 மி.மீ. கைப்பிடிச்சுவர் எழுப்புங்கள். மேலேறுவதற்கு முற்றத்துச் சுவரில் கற்பலகைகளின் ஒரு முனையைப் புதைத்து மறுமுனையை வெளியே நீட்டிய படிகள் போதும். அவற்றில் உருவம் நிற்காது. ஏணிக்குரிய விதியையே அவற்றுக்கும் வைத்துக்கொள்க.

ஓடு என்றவுடன் பட்டையும் கொக்கியும் உள்ள மங்களூர் ஓட்டைப் போட்டுவிடாதீர்கள். அது பாசல் மிஷனார் மங்களூரில் 1865-இல் தொழிற்சாலை தொடங்கியபின் பரவியது. நமக்கு வேண்டியது குயவர் கையால் வளைத்த நாட்டு ஓடு. கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டு அகழாய்வில் கூரை ஓடுகள் கிடைத்திருப்பதால், ஓடு வேய்வது அக்காலத்துக்கு ஒவ்வாததன்று. நெளியட்டையைத் தண்ணீரில் நனைத்து மேல்தாளை உரித்துவிட்டால், உள்ளே இருக்கும் நெளிவு வெளிப்படும். அதை 8 மி.மீ. அகலப் பட்டைகளாக நறுக்கி, இறவாணத்திலிருந்து முகட்டை நோக்கி, ஒன்றின் பாதியை மற்றொன்று மூடும்படி ஒட்டிச்செல்ல வேண்டும். கிருஷ்ணகிரி மாம்பழப் பெட்டிகள் ஏராளமாகக் கிடைத்தாலும் அவற்றின் நெளிவு பெரிது, நம் அளவுக்கு ஒவ்வாது. சிறு மின்சாதனங்கள் வரும் மெல்லிய பெட்டிகளின் அட்டையே தக்கது. முகடு சுவருக்கு மேல் 25 மி.மீ. உயர்ந்தால் சரிவு சரியாக அமையும். சில ஓடுகளை நகத்தால் நசுக்கி உடைந்தனவாகவும், ஓரிரண்டை இடம்பெயர்ந்தனவாகவும் காட்டுங்கள்.

கூரைகளை ஒருபோதும் ஒட்டிவிடக் கூடாது. உருவங்களை உள்ளே வைத்து எடுக்க அவை தனித்தனியே கழன்று வரவேண்டும். சிறு காந்தங்களைப் பதிப்பது பலரும் கையாளும் முறை; எனக்கோ கூரையின் அடியில், சுவருக்கு உட்புறமாக அமரும்படி ஒரு மரச்சட்டம் ஒட்டிவிடுவதே பிடித்தமானது, ஏனெனில் காந்தம் பெயர்ந்து விழலாம், சட்டம் விழாது.

வண்ணம் தீட்டுவதில் மர்மம் ஒன்றுமில்லை. கறுப்பு அக்ரிலிக்கோடு ஃபெவிகாலைச் சமமாகக் கலந்து எங்கும் ஒரு பூச்சு கொடுத்தால், நுரைப்பலகையின் மேல் கடினமான தோல் உண்டாகி, விரல்பட்டுக் குழியாமல் காக்கும். அதன்மேல் கருஞ்சாம்பல், அது உலர்ந்தபின், தூரிகையைத் துணியில் ஏறக்குறைய முழுதும் துடைத்துவிட்டு, வெளிர்சாம்பலை மேடுகளில் மாத்திரம் படும்படி உரசுதல். இவ்வூர்க் கல்லில் மங்கிய இளஞ்சிவப்பும் ஓடுமாதலால், பத்துக் கல்லில் இரண்டு மூன்றுக்கு அந்தச் சாயலைக் கொடுக்கலாம். சுவரின் அடியில், மழைத்துளி தெறிக்கும் உயரம்வரை, செம்மண் நிறத்தை நீர்க்கக் கரைத்துப் பூசுவதை மறவாதீர்கள். கட்டடம் நிலத்தில் ஊன்றி நிற்பதாகத் தோன்றுவதற்கு வேறெந்த யுக்தியும் இவ்வளவு பயன்படுவதில்லை.

தரைக்கு உண்மையான செம்மண்ணையே சலித்து, வாணலியில் வறுத்து, ஈரமும் பூச்சி முட்டையும் போக்கியபின் ஃபெவிகால் தடவித் தூவலாம். நவராத்திரிக் கொலுவில் பூங்கா கட்டிப் பழகிய கைகளுக்கு இது புதிதன்று. ஆனால் கொலு பத்து நாளோடு கலைந்துவிடும், நம் கட்டடம் ஆண்டுக்கணக்கில் இருக்க வேண்டும். எனவே கேழ்வரகு, கடுகு முதலிய தானியங்களைக் கூழாங்கல்லுக்குப் பதிலாக ஒட்டாதீர்கள்; எறும்பும் வண்டும் தேடிவந்துவிடும். காய்ந்த தேயிலைச் சக்கை சருகுக்கு மிகப் பொருத்தம்.

செடிகொடிகளில்தான் கவனம் பெரிதும் தேவைப்படுகிறது. இன்று பாரூரைச் சுற்றிக் கண்ணில் படுவனவற்றுள் பல அந்நாளில் இந்நாட்டிலேயே இல்லை. சீமைக்கருவேலம் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டது, தைலமரம் ஆஸ்திரேலியாவுடையது, சப்பாத்திக்கள்ளியும் உண்ணிச்செடியும் அமெரிக்காவிலிருந்து வந்தவை, கூரையில் காயும் சிவந்த மிளகாயும் அப்படியே. இவற்றை நீக்கி, வேலிக்குச் சதுரக்கள்ளியும் கிளுவையும், நிழலுக்கு ஆலும் புளியும் புங்கும், வெளியே உடைமரமும் வைக்கவேண்டும். ஒட்டுமாஞ்செடிகளை வரிசையாக நட்ட தோப்பும் பிற்காலத்தது. தனித்து நிற்கும் பெரிய நாட்டு மாமரம் ஒன்று இருக்கலாம்.

முற்றத்தில் கிணறும், பட்டியில் மாடுகள் நீரருந்தும் கல்தொட்டியும் வேண்டும். அடுக்களையில் மூன்று கல் அடுப்பு, களி கிண்டும் பெரிய பானை, அம்மி, உரல். பானைகளுக்குப் பாசிமணிகளே போதும். நூல் கோக்கும் துளைதான் பானையின் வாய். சுவரில் புகைக்கரியைப் பூச மறக்கவேண்டாம், ஏனெனில் இங்கே புகைபோக்கி இல்லை. புகை ஓட்டின் இடுக்கு வழியே கசிந்தே வெளியேறும்.

வாசலுக்குச் சற்று அப்பால் ஒரு நடுகல்லை நிறுத்தாமல் இத்தாவளம் பூர்த்தியாகாது. இம்மாவட்டமும் தருமபுரியும் செங்கமும் நடுகற்களுக்குப் பேர்போனவை. செங்கத்துக் கற்களைப் பற்றி இரா. நாகசாமி பதிப்பித்த நூலைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972-இல் வெளியிட்டது. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் பல கற்களை நேரில் காணலாம். மாட்டு மந்தையைக் கவர வந்தவரோடு பொருது மாண்டவர்களுக்கு எடுத்த கற்களே அவற்றுள் மிகுதி. எம்-சீல் பசையை 4 மி.மீ. கனத்தில் தட்டி, 22 மி.மீ. உயரத்தில் வெட்டி, அது இறுகுமுன் ஊசியால் கீறவேண்டும். அடித்தட்டில் வாளோங்கிய வீரனும் அவன் உடலில் தைத்த அம்புகளும், இடைத்தட்டில் இருபுறமும் அவனைத் தாங்கி மேலே கொண்டுபோகும் வானமகளிர், உச்சியில் சிவலிங்கமும் அதன்முன் அமர்ந்த வீரனும். இத்தனையும் ஒரு விரல்நகம் அகலத்தில் அடங்க வேண்டியிருப்பதால், முகங்களைச் செதுக்க முயலாமல் உடலின் வளைவை மாத்திரம் பிடித்தால் போதும். கல்லின் அடியில் ஒரு பொட்டு மஞ்சளும் குங்குமமும் வைத்து, யாரோ இன்றும் வழிபடுவதாகக் காட்டுங்கள்.

கல்லால் ஆன கட்டடமாதலால், இதே தாவளத்தைக் கொண்டு ஐந்நூறு ஆண்டுக்குப் பிந்திய போர்களையும் ஆடலாம். 1791 ஜூலையில் கும்பினிப் படை ஓசூரையும் இராயக்கோட்டையையும் பிடித்தது. அவ்வாண்டு நவம்பரில் கிருஷ்ணகிரியில் பேட்டையைக் கைக்கொண்டும் மலைக்கோட்டையை ஏறிப் பிடிக்க இயலாமல் அப்படைத் தலைவர் மாக்ஸ்வெல் திரும்பினார். மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையால் இப்பகுதியை அடக்கிய பாராமகால் முழுவதும் திப்பு சுல்தானின் கையை விட்டுப்போயிற்று. அக்காலத்துக்கு ஆடுவோர் சப்பாத்திக்கள்ளியையும் மிளகாயையும் சேர்க்கலாம்; சாலையோரத்தில், சுமையை இறக்கிவைக்க இரு கல்லை நட்டு ஒரு கல்லைக் குறுக்கே கிடத்திய சுமைதாங்கியையும் 25 மி.மீ. உயரத்தில் நிறுத்தலாம். இவற்றைத் தனித்தனிச் சிறு தட்டுகளில் செய்துகொண்டால் வைக்கவும் எடுக்கவும் எளிது.

மேசையில் தாவளத்தை நட்டநடுவில் வைப்பதை நான் விரும்புவதில்லை. இரு படைகளும் அதன்மேலேயே வந்து மோதி, மற்ற நிலமெல்லாம் வீணாகிறது. சாலை வளையும் இடத்தில், ஒரு பக்கத்து ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வைத்து, பட்டியின் வாயில் எதிர்ப்பக்கம் பார்க்கும்படி திருப்புங்கள். எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ எழுதிய நாள்முதல் இவ்விளையாட்டு பெரும்பாலும் எதிரியை வீழ்த்துவதையே கணக்கில் கொண்டு வந்திருக்கிறது. நம் நடுகற்கள் காட்டும் பூசலோ மந்தையைப் பற்றியது. பட்டியில் எட்டு மாடுகளை நிறுத்துங்கள். கவர வந்தவர் அவற்றுள் பாதியையேனும் மேசையின் விளிம்புக்கு ஓட்டிச்சென்றால் வெற்றி; காவலர் விடியும்வரை, அதாவது எட்டுச் சுற்றுவரை, ஐந்தைத் தக்கவைத்துக்கொண்டால் அவர்கள் வெற்றி. மாடு ஓட்டுபவன் போரிட முடியாது என்ற ஒரு விதியைச் சேர்த்துவிட்டால், ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு வீரனை இழக்கும் சங்கடம் கவர்வோருக்கு ஏற்படுகிறது. உள்ளே தூங்குகிற வணிகர்கள் எந்தச் சுற்றில் விழித்தெழுந்து திண்ணைக்கு வருகிறார்கள் என்பதைப் பகடை முடிவுசெய்யட்டும்.

ஆட்டம் முடிந்ததும் கூரைகளைக் கழற்றி, இடையில் துணி வைத்து, தனியே அடுக்குக. வெளியூருக்கு எடுத்துச் செல்வதானால், பழைய சாமான் கடையில் விலக்கச் சொன்ன அந்தத் துவளும் நுரைத்தகட்டை இப்பொழுது வாங்கிக்கொள்ளலாம். பெட்டியின் உட்புறம் நான்கு பக்கமும் அதைப் பொருத்தி, முற்றத்திலும் ஒரு துண்டைத் திணித்துவிட்டால், பேருந்தின் குலுக்கலில் தாழ்வாரத் தூண்கள் பெயராமல் இருக்கும். வேலிக்கற்கள் எப்படியும் இரண்டொன்று முறியும். செய்யும்போதே பத்துக் கற்களைக் கூடுதலாக வெட்டி, வண்ணம் தீட்டி, ஒரு டப்பியில் போட்டு அடிப்பலகையின் கீழே ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.